இருமினால் கசிகிறது: அறுவைக்கு முன் குழாய்ப் பரிசோதனை கட்டாயமா?

கேள்வி: காசிமேட்டு மகன், 9 ஜனவரி 2025

அம்மாவுக்கு 53 வயது. துறைமுகத்தில் ஏலம் எடுத்து மீன் விற்கிறார். இருமினால், தும்மினால், அன்னக்கூடையைத் தலைக்கு ஏற்றினால் சிறுநீர் கசிகிறதாம். நான்கு வருடமாக இப்படி. என்னிடம் சொல்லவில்லை, தங்கையிடம் சொல்லி, அவள் என்னிடம் சொன்னாள். சிறுநீர்க் குழாய்க்கு அடியில் தாங்கலாக நாடா வைத்து அறுவை செய்யலாம் என்று மருத்துவமனையில் சொல்லியிருக்கிறார்கள். அதற்கு முன், சிறுநீர்ப்பையின் அழுத்தத்தை அளக்கும் யூரோடைனமிக் பரிசோதனை செய்துவரச் சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். முன்னும் பின்னும் குழாய் விடுவார்கள் என்று யாரோ சொன்னதிலிருந்து அம்மா அறுவையே வேண்டாம் என்கிறார். இந்தப் பரிசோதனை இல்லாமல் அறுவை செய்யவே கூடாதா?

பதில்: 9 ஜனவரி, இரவு 10.40

தேவையில்லை. இருமல், தும்மல், சுமை, இவை மூன்றும்தான் காரணம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன், தேவையில்லை. 2019இல் இதே அறுவைக்கு முன் இதே பரிசோதனைக்குப் படுத்து எழுந்தவள் நான். அதன் முடிவு என் அறுவையில் ஒரு தையலைக்கூட மாற்றவில்லை. சீட்டை மடித்து வைத்துவிட்டு, வேறு மருத்துவரிடம் அம்மாவை அழைத்துப் போங்கள் தம்பி.

10 ஜனவரி, காலை

நேற்று கோபத்தில் எழுதினேன். கோபத்துக்குக் காரணம் சொல்ல வேண்டும் அல்லவா?

2012இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் ஓர் ஆய்வு வந்தது. 'வேல்யூ' என்று பெயர். அமெரிக்காவில் 11 மையங்கள், 630 பெண்கள். எல்லோருக்கும் இருமினால் கசிவு. பாதிப் பேருக்கு மருத்துவர் அறையிலேயே செய்யும் சோதனைகள் மட்டும். மீதிப் பாதிக்கு அவற்றோடு யூரோடைனமிக் பரிசோதனையும். பிறகு சிகிச்சை. ஒரு வருடம் கழித்து இரண்டு பக்கமும் எண்ணிப் பார்த்தார்கள். பரிசோதனை செய்துகொண்டவர்களில் 76.9 சதவீதம் பேருக்கு வெற்றி. செய்யாதவர்களில் 77.2 சதவீதம். ஆக, 100 பேரில் 77 பேருக்குக் கசிவு நின்றுவிட்டது, குழாய் விட்டாலும் விடாவிட்டாலும்.

அந்த ஆய்வில் இன்னொன்றும் உண்டு. பரிசோதனைக்குப் பிறகு சிலருக்கு மருத்துவர்கள் எழுதிய நோயின் பெயர் மாறியது. 'அடக்க முடியாத பை' என்ற பெயர் குறைந்தது, 'சரியாக வெளியேறவில்லை' என்ற பெயர் கூடியது. பெயர் மாறியதே தவிர, செய்த சிகிச்சையோ அதன் பலனோ குறிப்பிடும்படி மாறவில்லை. இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. இந்த முடிவு வெளியாகி ஏழு வருடம் கழித்துத்தான் நான் அந்த மேசையில் படுத்திருந்தேன்.

10 ஜனவரி, மாலை

குழாய் என்றதும் அம்மா பயந்ததாகச் சொன்னீர்கள். நான் பயந்தது அதைவிட அதிகம், ஏனென்றால் எனக்கு முன்கூட்டி யாரும் எதையும் சொல்லவில்லை. அதனால் நடந்ததை அப்படியே எழுதுகிறேன். வேறு யாருக்காவது இந்தப் பரிசோதனை உண்மையிலேயே தேவைப்படலாம்; அவர்களாவது தெரிந்துகொண்டு போகட்டும்.

சிறுநீரை அடக்கிக்கொண்டு வரச் சொன்னார்கள். தண்டையார்பேட்டையிலிருந்து அடக்கிக்கொண்டு போவதே எங்களைப் போன்றவர்களுக்கு ஒரு பரீட்சை. அங்கே நடுவில் ஓட்டை வைத்த ஒரு நாற்காலி, அடியில் புனல். அதில் உட்கார்ந்து போக வேண்டும். நொடிக்கு எத்தனை மில்லி வருகிறது என்று இயந்திரம் எழுதிக்கொள்ளும். திரைக்கு அந்தப் பக்கம் ஆள் நடமாடும் சத்தம் கேட்டது, எனக்கு வரவேயில்லை. பத்து நிமிடம் ஆயிற்று.

பிறகு மேசையில் படுக்க வைத்தார்கள். ஒல்லியான குழாய் ஒன்றைச் சிறுநீர்த் துவாரம் வழியாகப் பைக்குள் விட்டு, மீதம் எவ்வளவு நிற்கிறது என்று முதலில் வடித்து அளந்தார்கள். இன்னொரு குழாய் மலவாய் வழியாக. அது எதற்கு என்று கேட்டேன். இருமும்போது வயிறும் அழுத்தும், பையும் அழுத்தும். பையில் தெரியும் அழுத்தத்திலிருந்து வயிற்றின் அழுத்தத்தைக் கழித்தால்தான் பை தானாகச் சுருங்குகிறதா என்று தெரியுமாம். முப்பது வருடம் பள்ளியில் உயிரியல் நடத்தியவள் நான். அந்தக் கழித்தல் கணக்கு புரிந்தபோது கொஞ்சம் பயம் போனது என்பது உண்மை.

குழாய் வழியாக மெதுவாகத் தண்ணீர் ஏறியது. "முதலில் எப்போது போக வேண்டும் போலிருக்கிறது, சொல்லுங்கள் அம்மா." "இனி அடக்க முடியாது என்றால் சொல்லுங்கள்." நடுநடுவே "இருமுங்கள்". திரையில் மூன்று நான்கு கோடுகள் ஓடின. இருமினேன், கசிந்தது. அங்கிருந்த பெண் தலையசைத்துக் குறித்துக்கொண்டாள். கடைசியில் குழாய்கள் உள்ளே இருக்கும்போதே எழுந்து உட்கார்ந்து சிறுநீர் கழிக்கச் சொன்னார்கள். எல்லாம் சேர்ந்து முக்கால் மணி நேரம்.

வலி பெரிதில்லை. கூச்சம்தான் பெரிது. இரண்டு நாள் எரிச்சல் இருந்தது, நிறையத் தண்ணீர் குடித்ததில் அடங்கியது. காய்ச்சல் வந்திருந்தால் திரும்பப் போயிருக்க வேண்டும்; சிலருக்கு இதனாலேயே சிறுநீர்த் தொற்று வருவதுண்டு. புடவை கட்டிக்கொண்டு போங்கள். செய்பவர் பெண்ணாக இருக்க வேண்டும் என்று முந்தைய நாளே கேளுங்கள், கேட்பதில் தவறில்லை. தொற்று இருக்கிறதா என்று முன்னதாகவே சிறுநீரைச் சோதித்துவிட வேண்டும், தொற்றோடு இதைச் செய்யக் கூடாது.

இத்தனையும் முடிந்து வந்த தாளில் என்ன எழுதியிருந்தது? இருமினால் கசிகிறது என்று.

13 ஜனவரி, போகி

காலையிலிருந்து தெருவெல்லாம் டயர் புகை. எத்தனை வருடம் சொன்னாலும் எங்கள் தெருவில் டயரை விடுவதில்லை. பக்கத்து வீட்டு அம்மா வாசல் தெளித்துக்கொண்டே இருமினார். இருமியதும் வாளியை வைத்துவிட்டுக் கால்களைச் சேர்த்து நின்றார். அந்த நிலையை நான் தெரு முனையிலிருந்தே கண்டுபிடிப்பேன். ஆறு வருடத்துக்கு முன் நானும் அப்படித்தான் நின்றேன்.

அது இருக்கட்டும். ஒரு திருத்தம். 10ஆம் தேதி காலைக் குறிப்பில் '77 பேருக்குக் கசிவு நின்றுவிட்டது' என்று எழுதிவிட்டேன். தவறு. அந்த ஆய்வில் வெற்றி என்றால் தொந்தரவை அளக்கும் கேள்வித்தாளில் மதிப்பெண் 70 சதவீதமாவது குறைய வேண்டும், 'மிக நன்றாக இருக்கிறது' அல்லது 'நன்றாக இருக்கிறது' என்று அந்தப் பெண்ணே சொல்லவும் வேண்டும். ஒரு சொட்டுக்கூட இல்லை என்பது வேறு, நன்றாக இருக்கிறது என்பது வேறு. எனக்கே இன்றும் வேகமாகத் தும்மினால் இரண்டு சொட்டு உண்டு. ஆனாலும் யார் கேட்டாலும் நன்றாக இருக்கிறேன் என்றுதான் சொல்வேன்.

13 ஜனவரி, இரவு

'நீங்கள் சொன்னதை நம்பி என் மனைவி சீட்டைக் கிழித்துவிட்டாள்' என்று ஒருவர் கீழே எழுதியிருக்கிறார். கிழிக்கச் சொல்லவில்லை ஐயா, மடித்து வைக்கத்தான் சொன்னேன். உங்கள் மனைவிக்கு எப்போது கசிகிறது என்று ஒரு வரிகூட நீங்கள் எழுதவில்லையே. முதலில் அதைக் கேட்டுச் சொல்லுங்கள்.

17 ஜனவரி

நான் 9ஆம் தேதி எழுதியது அரைகுறை. அதை இங்கேயே ஒப்புக்கொள்கிறேன்.

நேற்று காணும் பொங்கல். எர்ணாவூரிலிருந்து என் அக்கா வந்திருந்தாள். 61 வயது. அவளுக்கும் கசிவு உண்டு, 2014இல் ஓரிடத்தில் நாடா வைத்து அறுவை செய்துகொண்டாள். இப்போது மறுபடி கசிகிறது. வேறொரு மருத்துவமனையில் காட்டியதற்கு, பழைய நாடா தளர்ந்திருக்கும், இன்னொன்று வைத்துவிடலாம் என்று சொல்லி அடுத்த மாதம் நாள் கொடுத்திருக்கிறார்கள். பரிசோதனை எதுவும் எழுதவில்லை. போன வாரம் தொலைபேசியில் கேட்டாள், "ஏதோ டெஸ்ட் எடுக்க வேண்டும் என்று தெரிந்தவர்கள் சொல்கிறார்களே, எடுக்கவா?" என்று. நான்தான் 'வேண்டவே வேண்டாம்' என்றேன், இங்கே எழுதிய அதே வேகத்தில்.

நேற்று மாலை இருவரும் ஆட்டோவில் போனோம். கொருக்குப்பேட்டை கேட் மூடியிருந்தது. ஒரு சரக்கு வண்டி, அதன் பின்னால் கும்மிடிப்பூண்டி மின்சார ரயில். அந்த கேட்டில் நிற்பதென்றால் என்னவென்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எட்டு நிமிடம் இருக்கும். அக்கா பேச்சை நிறுத்தினாள். என் கையைப் பிடித்தாள். இருமவில்லை, தும்மவில்லை, அசையக்கூட இல்லை. ஆட்டோ இருக்கையெல்லாம் நனைந்தது. சொட்டு அல்ல, மொத்தமும்.

ஓட்டுநர் தம்பி திரும்பியே பார்க்கவில்லை. இறங்கும்போது "பரவாயில்லை அம்மா, நான் கழுவிக்கொள்கிறேன்" என்றார். அவருக்கு நல்லதே நடக்கட்டும்.

இது என் நோய் அல்ல. எனக்கும் காசிமேட்டு அம்மாவுக்கும் வாய் தளர்ந்த பை. அக்காவுக்குப் பை தானாகவே முறுக்கிக்கொண்டு தள்ளுகிறது. இரண்டுக்கும் வெளியே தெரிவது ஒரே நனைந்த துணிதான். அந்தத் துணியை வைத்து அவளுக்கு இன்னொரு நாடா வைக்கப் போகிறார்கள். நானும் சரி என்றிருக்கிறேன்.

18 ஜனவரி, விடியற்காலை

தூங்கவில்லை. எழுந்து 'வேல்யூ' ஆய்வை மறுபடி படித்தேன். போன தடவை முடிவைத்தான் ஆசையாகப் படித்திருக்கிறேன். யாரைச் சேர்த்தார்கள் என்ற பகுதியைத் தாண்டிப் போயிருக்கிறேன்.

சேர்த்தது யாரை என்றால்: கசிவுக்காக முன்பு அறுவை செய்துகொள்ளாதவர்கள். மருத்துவர் கண்ணெதிரே இருமி, கசிவது தெரிந்தவர்கள். போய் வந்த பிறகு பையில் மீதம் 150 மில்லிக்குக் கீழே இருப்பவர்கள். தொற்று இல்லாதவர்கள். அவசரத்தைவிட, அதாவது அடக்க முடியாமல் திடீரென்று முட்டிக்கொண்டு வருவதைவிட, இருமல் கசிவே பெரிய தொந்தரவாக இருப்பவர்கள். என் அக்காவை அந்த ஆய்வின் வாசலிலேயே திருப்பி அனுப்பியிருப்பார்கள். அவளைப் பற்றி அது ஒன்றுமே சொல்லவில்லை.

இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் இதே கோட்டைத்தான் போடுகிறது. நோயாளி சொல்வதிலும் நேரில் பார்ப்பதிலும் இருமல் கசிவு தெளிவாக இருந்து, முதல் அறுவையும் என்றால் இந்தப் பரிசோதனையைச் செய்யாதீர்கள் என்கிறது. அவசரமே மேலோங்கி இருந்தாலோ, எந்த வகை என்று பிரிக்க முடியாவிட்டாலோ, சிறுநீர் சரியாக வெளியேறாத அறிகுறி இருந்தாலோ, அடி இறக்கம் (பையோ கருப்பையோ கீழே இறங்குவது) இருந்தாலோ, கசிவுக்கு முன்பே அறுவை நடந்திருந்தாலோ செய்யுங்கள் என்கிறது. அக்காவுக்கு இதில் குறைந்தது இரண்டு பொருந்துகிறது.

ஆக 'தேவையா, தேவையில்லையா' என்று நான் பேசியதே கோணல். இந்த முடிவு வந்தால் செய்யப்போவது மாறுமா? அதைத்தான் மருத்துவரிடம் கேட்க வேண்டும். மாறாது என்றால் அந்த அம்மாவை ஏன் மேசையில் ஏற்ற வேண்டும்? மாறும் என்றால் எவ்வளவு கூச்சமானாலும் ஏற்றித்தான் ஆக வேண்டும்.

சீட்டைக் கிழித்த மனைவியின் கணவருக்கு: இன்னும் நீங்கள் பதில் சொல்லவில்லை.

19 ஜனவரி

சொல்லிவிட்டார். அவருடைய மனைவிக்குச் சாவியைப் பூட்டில் நுழைக்கும்போது வந்துவிடுகிறதாம். பாத்திரம் கழுவக் குழாயைத் திறந்தால் வந்துவிடுகிறதாம். சர்க்கரை நோய் ஒன்பது வருடம். ஐயா, தயவுசெய்து இன்னொரு சீட்டு வாங்குங்கள். நான் எழுதியதைப் படித்துத்தான் கிழித்தார், அந்தப் பொறுப்பு எனக்கு உண்டு. அவருக்கு மீதம் எவ்வளவு நிற்கிறது என்பதையாவது முதலில் ஸ்கேனில் பார்க்கச் சொல்லுங்கள். நாள்பட்ட சர்க்கரை நோயில் பை உணர்வை இழந்து நிரம்பி வழிவதுண்டு. அதற்கு நாடா வைத்தால் நிலைமை மோசமாகும்.

25 ஜனவரி

குறிப்பேடு பற்றி. குழாய்க்கும் இயந்திரத்துக்கும் முன்னால் செய்ய வேண்டியது இதுதான், செலவு ஒரு பிளாஸ்டிக் அளவுக் குவளை.

மூன்று நாள். எத்தனை மணிக்கு எவ்வளவு குடித்தோம், எத்தனை மணிக்கு எவ்வளவு போனோம், எப்போது கசிந்தது, அப்போது என்ன செய்துகொண்டிருந்தோம். அவ்வளவுதான். எழுதத் தெரியாதவர்கள் கோடு போடலாம். அக்காவுக்குப் பேத்திதான் எழுதிக் கொடுத்தாள். இரண்டாம் நாள் அந்தக் குவளையில் பாயசத்துக்குப் பால் அளக்கப் போன மருமகளை அக்கா துரத்தி வந்து தடுத்த கதையைச் சொல்லி நாங்கள் இருவரும் அரை மணி நேரம் சிரித்தோம். அவள் அப்படிச் சிரித்துப் பல மாதம் ஆகிறது.

அவளுடைய கணக்கு: ஒரு நாளைக்கு 15, 16 தடவை. ஒவ்வொரு தடவையும் 80 முதல் 120 மில்லி. இரவில் நான்கு தடவை எழுந்திருக்கிறாள். கசிவு ஒன்றுகூட இருமலால் இல்லை. மூன்று நாளில் ஒன்றுகூட இல்லை! இந்த ஒரு தாளைப் பார்த்திருந்தாலே இரண்டாவது நாடா என்ற பேச்சு எழுந்திருக்காது.

காசிமேட்டுத் தம்பிக்கு: உங்கள் அம்மாவையும் எழுதச் சொல்லுங்கள். விடியற்காலை இரண்டு மணிக்கு ஏலத்துக்குப் போகிறவர் காலை பத்து மணி வரை தண்ணீரே குடிப்பதில்லை என்று நினைக்கிறேன். அங்கே பெண்களுக்குப் போக இடம் எங்கே? அதனால் குடிக்காமல் இருப்பார்கள். குடிக்காவிட்டால் சிறுநீர் கெட்டியாகி எரியும், தொற்றும் வரலாம். குறிப்பேட்டில் அதுவும் தெரிந்துவிடும்.

2 பிப்ரவரி

சிறுநீரை அடக்கும் தசைகளை வலுவாக்கும் இடுப்புத் தளப் பயிற்சியை நான் மறந்துவிட்டேன் என்று ஒரு இயன்முறை மருத்துவர் தங்கை கடிந்துகொண்டிருக்கிறார். நியாயம். அறுவைக்கு முன் மூன்று மாதமாவது, சொல்லிக் கொடுக்க ஒருவர் இருந்து, ஒரு தடவைக்கு எட்டு முறை தசையைச் சுருக்கி, நாளைக்கு மூன்று வேளை. நைஸ் சொல்வது அது. கெகெல் என்ற அமெரிக்க மருத்துவர் 1948இல் எழுதிய பயிற்சிதான், புதிதல்ல.

எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை, ஒரு தாளைக் கொடுத்தார்கள். நான் மூன்று மாதம் வயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தேன், மூச்சையும் பிடித்துக்கொண்டு. அது எதிர்ப்பக்கம் தள்ளும் வேலை. வாயு வெளியேறாமல் அடக்கும்போது எது உள்ளே இழுக்கிறதோ அதுதான் சரியான தசை. வயிறும் தொடையும் சும்மா இருக்க வேண்டும். இதை ஒரு நிமிடம் நேரில் சொல்லியிருந்தால் எனக்கு அறுவையே தேவைப்பட்டிருக்குமா என்று இன்றும் யோசிக்கிறேன்.

இந்தப் பக்கத்துப் பெண்களுக்கு இன்னொரு சங்கடம். தண்ணீர் லாரி வந்தால் இரண்டு குடம், மூன்று மாடி. பயிற்சி ஒரு பக்கம், குடம் ஒரு பக்கம். இருமலுக்கும் குறைவில்லை, கண்டெய்னர் லாரிகள் கிளப்பும் புழுதி விடுவதில்லை. என் இரண்டு பிள்ளைகளும் ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மகப்பேறு மருத்துவமனையில் பிறந்தவர்கள். பிரசவமான பத்தாம் நாள் அடிபம்பில் தண்ணீர் அடித்தேன். அந்தக் காலத்தில் எல்லோரும் அடித்தோம்.

15 பிப்ரவரி

அக்காவுக்கு நேற்று பரிசோதனை முடிந்தது. நான் கூடவே இருந்தேன், திரைக்கு உள்ளேயே. மருத்துவர் ஒரு பெண், ஒவ்வொரு கோட்டையும் விரல் வைத்துக் காட்டினார்.

நாற்காலியில் நொடிக்கு 7 மில்லிதான் வந்தது, விட்டு விட்டு. பெண்களுக்குச் சாதாரணமாக 15க்கு மேல் வர வேண்டுமாம். போய் வந்த பிறகும் 210 மில்லி உள்ளே நின்றது. தண்ணீர் ஏற்றத் தொடங்கி 140 மில்லி ஆனதும் வயிற்றுக் கோடு அசையாமல் இருக்க, பையின் கோடு மட்டும் மலைபோல் எழுந்தது. அதே நொடியில் அக்கா என் கையைப் பிடித்தாள். கொருக்குப்பேட்டை கேட்டில் பிடித்த அதே பிடி. திரையில் அந்தக் கோட்டைப் பார்த்தபோதுதான் எனக்கு நெஞ்சு அடைத்தது. இத்தனை வருடம் "கொஞ்சம் அடக்கக் கூடாதா" என்று அவளிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பேன்!

கடைசிப் பகுதிதான் முக்கியமானது. சிறுநீர் கழிக்கும்போது பை முழு பலத்தோடு தள்ளுகிறது, வெளியே வருவதோ ஒல்லியாக. வழியில் அடைப்பு இருக்கிறது என்று அதற்குப் பொருள். பழைய நாடா தளரவில்லை. இறுக்கமாக இருக்கிறது. பதினோரு வருடமாக அந்த இறுக்கத்தோடு போராடித்தான் பை இப்படி முறுக்கிக்கொண்டிருக்கிறது என்பது மருத்துவரின் கணிப்பு. இதன் மேல் இன்னொரு நாடா வைத்திருந்தால் அவளுக்குச் சிறுநீர் வெளியே வருவதற்கே நிரந்தரமாகக் குழாய் வேண்டியிருந்திருக்கலாம்.

இந்த மாதம் அறுவைக்குக் கொடுத்திருந்த நாளை ரத்து செய்துவிட்டோம். நாடாவைத் தளர்த்த முடியுமா என்று உள்ளே கேமரா விட்டுப் பார்த்த பிறகு முடிவு.

16 பிப்ரவரி

210 மில்லி பற்றிக் குழம்பியவருக்கு: அது பையின் கொள்ளளவு அல்ல, போன பிறகும் மிஞ்சியது. 18ஆம் தேதிக் குறிப்பில் சொன்ன 150ம் அதேபோல் மிச்சத்தின் அளவுதான்.

6 மார்ச்

காசிமேட்டுத் தம்பி செய்தி போட்டிருக்கிறார். அம்மா குறிப்பேட்டோடு போனார். கசிவெல்லாம் கூடை, இருமல், தும்மல். அவசரம் ஒன்றும் இல்லை. நிரம்பிய பையோடு நிற்க வைத்து இருமச் சொன்னார்கள், உடனே கசிந்தது. இருமல் நின்றதும் கசிவும் நின்றது. ஸ்கேனில் மீதம் 30 மில்லி. தொற்று இல்லை. அடி இறக்கம் இல்லை. முன்பு அறுவை இல்லை. 'இதன் முடிவு வந்தால் அறுவை மாறுமா?' என்று தங்கைதான் கேட்டிருக்கிறாள். மருத்துவர் சிறிது யோசித்துவிட்டு, மாறாது, வேண்டாம் என்று சீட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டாராம். கேட்ட அந்தத் தங்கைக்கும், யோசித்த அந்த மருத்துவருக்கும் என் வணக்கம்.

பயிற்சியை ஜனவரி இறுதியிலேயே தொடங்கிவிட்டார். ஆனாலும் கூடையைத் தூக்கும்போது கசிவு அப்படியே இருக்கிறதாம்.

நாடா பற்றிப் பயமாக இருக்கிறது என்று கேட்டிருக்கிறார்கள். பயம் காரணமில்லாதது அல்ல. இன்றைய நாடா அறுவையை ஸ்வீடனில் உல்ம்ஸ்டென் என்ற மருத்துவரும் அவருடன் இருந்தவர்களும் 1996இல் வெளியிட்டார்கள். வயிற்றைப் பெரிதாகத் திறக்க வேண்டாம் என்பதால் உலகமெங்கும் பரவியது. பிறகு சிலருக்கு வலி, நாடா சதையை அறுத்துக்கொண்டு வெளியே வருதல் என்று புகார்கள் பெருகி, 2018 ஜூலையில் இங்கிலாந்து இதை நிறுத்திவைத்தது. அமெரிக்காவிலும் இங்கும் கசிவுக்கான நாடா இன்னும் வைக்கிறார்கள். நாடா வேண்டாம் என்றால் நோயாளியின் வயிற்றுத் தசையுறையிலிருந்தே ஒரு பட்டை எடுத்து வைக்கும் முறை உண்டு, 1961இல் பர்ச் கொண்டுவந்த தையல் முறையும் உண்டு. மூன்றையும் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். எனக்கு வைத்தது நாடா, ஆறு வருடமாகத் தொந்தரவில்லை. அக்காவுக்கும் வைத்தது நாடாதான்.

7 மார்ச்

'அப்படியானால் பரிசோதனை முடிவும் நோயாளி சொல்வதும் பொருந்தாவிட்டால் என்ன செய்வது?' நல்ல கேள்வி. நெதர்லாந்தில் இதையே ஆராய்ந்தார்கள், 2013இல் வந்தது. பேச்சில் இருமல் கசிவு, இயந்திரத்தில் வேறு மாதிரி, அப்படிப்பட்ட 126 பெண்கள். பாதிப் பேருக்கு நேராக அறுவை, பாதிப் பேருக்குப் பரிசோதனை முடிவைப் பார்த்துத் தனித்தனிச் சிகிச்சை. ஒரு வருடத்தில் நேராக அறுவை செய்தவர்கள் பின்தங்கவில்லை. தெளிவான இருமல் கசிவுக்கு, முதல் அறுவைக்கு, அந்த அம்மா சொல்லும் சொல்லுக்கே எடை அதிகம். அதை நான் ஜனவரியிலும் நம்பினேன், இப்போதும் நம்புகிறேன்.

30 மார்ச்

இந்த மாதம் லான்செட் இதழில் வந்திருக்கிறது, பார்த்தீர்களா? இங்கிலாந்து, ஸ்காட்லாந்து முதலிய பகுதிகளில் 63 மருத்துவமனைகள், 1,099 பெண்கள். இந்தத் தடவை அவசரக் கசிவுக்காரர்கள், மருந்தும் பயிற்சியும் பலிக்காதவர்கள். அவர்களிலும் யூரோடைனமிக் செய்தவர்கள், செய்யாதவர்கள் இடையே அவர்களே சொன்ன முன்னேற்றத்தில் வேறுபாடு தெரியவில்லையாம்.

படித்ததும் தடுமாறினேன். அவசரம் என்றாலே இயந்திரம் வேண்டும் என்று 18ஆம் தேதி நான் நினைத்தது அவ்வளவு உறுதியானதல்ல போலிருக்கிறது. அக்காவை வைத்து யோசித்தேன். அவளுக்குப் பரிசோதனை பயன்பட்டது அவசரம் இருந்ததால் அல்ல. பழைய நாடா இருந்ததாலும், சிறுநீர் முழுதாக வெளியேறாததாலும். அந்த 210 மில்லியை ஒரு சாதாரண ஸ்கேனே காட்டியிருக்கும். ஆனால் பை வலுவிழந்து நிற்கிறதா, வழி அடைபட்டு நிற்கிறதா என்பதை ஸ்கேன் காட்டாது. அதைப் பிரிக்கத்தான் அந்தக் குழாய்கள் வேண்டியிருந்தன.

8 ஏப்ரல்

அக்காவுக்கு நாடாவை நடுவில் வெட்டிவிட்டார்கள், மூன்று வாரம் ஆகிறது. நேற்று ஸ்கேனில் மீதம் 40 மில்லி. இரவில் நான்கு தடவை எழுந்தவள் இப்போது இரண்டு. பை முழுதும் அடங்க மாதங்கள் ஆகலாம், சிலருக்கு அடங்காமலும் போகலாம் என்று மருத்துவர் ஒளிக்காமல் சொன்னார். வெட்டியதில் இருமினால் ஒரு சொட்டு வரத் தொடங்கியிருக்கிறது. "இது உன் நோய், இதை நான் சமாளித்துக்கொள்வேன்" என்றாள் என்னிடம்.

11 ஏப்ரல்

காசிமேட்டு அம்மாவுக்கு நாள் குறித்தாகிவிட்டது, வரும் 21ஆம் தேதி. ஆறு வாரம் கனம் தூக்கக் கூடாது என்றதும் "அப்போது கூடையை யார் தூக்குவது?" என்று கேட்டிருக்கிறார். பிறகு அவரேதான் வழியும் கண்டுபிடித்தார். 15ஆம் தேதி மீன்பிடித் தடைக்காலம் தொடங்குகிறது, ஜூன் 14 வரை 61 நாள். விசைப்படகு கடலுக்குப் போகாது, ஃபைபர் படகு மீனை மட்டும் மகள் வாங்கி விற்பாள். ஆறு வாரம் என்பது 42 நாள். அது முடிந்தும் பன்னிரண்டு நாள் மிச்சமிருக்கும் என்று விரல் விட்டு எண்ணி மருத்துவரிடம் தேதி கேட்டு வாங்கியது அவர்தான்.

தம்பி, 21ஆம் தேதிக்கு இரண்டு பழைய புடவையும் அந்த அளவுக் குவளையும் பையில் வையுங்கள். அறுவை முடிந்து குழாயை எடுத்தபின் முதல் இரண்டு மூன்று தடவை எவ்வளவு வருகிறது, எவ்வளவு மிஞ்சுகிறது என்று அளக்காமல் வீட்டுக்கு அழைத்து வராதீர்கள்.